டூல்ஸ் பை யார் தலையில்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. சென்னையில் முப்பது வீடு இருக்கிற ஏதோ ஒரு அபார்ட்மென்ட். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. மெயின்டனன்ஸ் ஆள் வருகிறார். தோளில் ஒரு பழைய லேப்டாப் பை, யாரோ வீடு காலி செய்யும்போது தூக்கிப் போட்டது. ஜிப் போய்விட்டது. உள்ளே ஒரு டெஸ்டர், உறை கிழிந்து இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு கட்டிங் பிளேயர், முனை மழுங்கிய இரண்டு ஸ்க்ரூ டிரைவர், கைப்பிடி ஆடுகிற சுத்தியல், பாதி காலியான டெஃப்லான் டேப், போன வருடத்து எம்-சீல் துண்டு. அவ்வளவுதான். முப்பது வீட்டுக்கும் லிஃப்ட் ரூமுக்கும் மோட்டார் ரூமுக்கும் சேர்த்து இதுதான் ஆயுதசாலை.

பால்கனியிலிருந்து ஒரு குரல்: "என்னப்பா, ஒரு ரிஞ்ச் கூட வச்சுக்க மாட்டியா?"

அவர் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்?

மேட்டர் இதுதான். அந்த லேப்டாப் பைக்குள் இருக்கிற ஒவ்வொரு சாமானும் அவர் சொந்தக் காசில் வாங்கியது. வேலைக்குச் சேரும்போது செக்ரட்டரி சார் கேட்கிற இரண்டாவது கேள்வியே "டூல்ஸ் எல்லாம் இருக்கா?" என்பதுதான். (முதல் கேள்வி "என்ன சம்பளம் எதிர்பார்க்கறே?") இருக்கு சார் என்று சொன்னால்தான் வேலை. வாட்ச்மேனிடம் "கேட் கொண்டுவந்தியா?" என்று யாரும் கேட்பதில்லை. பேங்க் கேஷியரை நோட்டு எண்ணும் மெஷினோடு வரச் சொல்வதில்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம்கூட துடைப்பமும் ஃபினாயிலும் வீட்டுக்காரர்கள்தான் கொடுக்கிறார்கள். இந்த ஒரு ஆள் மட்டும் தன் ஆயுதத்தோடு போருக்கு வரவேண்டும்.

என்ஜினியரிங் காலேஜில் முதல் வருடம் ஒர்க்‌ஷாப் லேப் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஸ்டோர் ஜன்னலில் ஐடி கார்டைக் கொடுத்தால் அரம், ட்ரை ஸ்கொயர், ஆக்ஸா ஃப்ரேம் எல்லாம் கைக்கு வரும். திருப்பிக் கொடுத்தால் கார்டு திரும்ப வரும். 'V' ஃபிட்டிங் கோணலாகப் போனால் மார்க் போகும், அரம் தேய்ந்ததற்கு யாரும் காசு கேட்டதில்லை. பொழுதுபோக்குக்கு இரும்பு ராவுகிற பையனுக்கு அரம் இலவசம். 230 வோல்ட்டில் கை வைக்கிறவருக்கு பிளேயர் சொந்தச் செலவு. நல்ல நியாயம்!

சொந்தச் செலவு என்றால் என்ன ஆகும்? மாசக் கடைசியில், வீட்டு வாடகைக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் நடுவில் எது மிஞ்சுகிறதோ அதில் வாங்குவார். பிளாட்பாரத்தில் விரித்துவைத்த கம்பெனி பேர் தெரியாத பிளேயர். இல்லையென்றால் அந்தப் பெட்டி... அதைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். பளபளவென்று குரோம் பூசி, பிளாஸ்டிக் பெட்டிக்குள் வரிசையாகப் படுத்திருக்கும் "நூற்றியெட்டு பீஸ் டூல் கிட்". நூற்றியெட்டு என்பதில் எண்பது திருகு முனையும் சாக்கெட்டும்தான். சாக்கெட்டெல்லாம் பைக்கின் நட்டு கழற்ற ஆகும். அபார்ட்மென்ட்டில் எத்தனை நட்டு இருக்கிறது? அங்கே இருப்பது அரை இன்ச் பைப்பும், ஆங்கிள் காக்கும், சுவிட்ச் போர்டின் மைனஸ் ஸ்க்ரூவும்தான். அந்தப் பெட்டியில் பைப் ரிஞ்ச் இருக்காது, மீட்டர் இருக்காது, இருக்கிற ஸ்க்ரூ டிரைவர் முனையும் இறுகிய ஸ்க்ரூவில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் சாக்லேட் மாதிரி வளையும். "குறைந்த செலவில் டூல்ஸ்" என்று யாராவது ஆரம்பித்தாலே இந்தப் பெட்டியைத்தான் கை காட்டுகிறார்கள். குறைந்த செலவு என்பது பீஸ் கணக்கை விலையால் வகுப்பது அல்ல.

குறைந்த செலவில் ஒரு பை கட்ட முடியாதா? தாராளமாக முடியும். ஆனால் எதில் குறைக்கலாம், எதில் குறைத்தால் ஆள் போய்விடுவார் என்பது தெரியவேண்டும்.

முதலில் டெஸ்டர். ஸ்க்ரூ டிரைவர் மாதிரி இருக்கும், உள்ளே சின்ன நியான் பல்பு, மேலே விரல் வைத்தால் எரியும். எரிந்தால் கரண்ட் இருக்கு, எரியாவிட்டால் இல்லை. இப்படித்தான் முக்கால்வாசிப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நம்பிக்கையின் பின்பாதி ஆளைக் கொல்லும். அந்தப் பல்பு எரிவதற்கான மின்சாரம் போகிற பாதையே விரல் வைத்தவரின் உடம்பு. உள்ளே இருக்கிற ரெசிஸ்டர் அதை மிகச் சிறிய அளவாகக் கட்டுப்படுத்துவதால்தான் ஷாக் தெரிவதில்லை. இப்போது அவர் காய்ந்த மர ஸ்டூல் மேல் ரப்பர் செருப்போடு நிற்கிறார் என்று வையுங்கள். பாதை சரியாக முழுமையாகாது, பல்பு மங்கலாக எரியும், அல்லது எரியவே எரியாது. பட்டப்பகலில் பால்கனியில் நின்று பார்த்தால் எரிவதே கண்ணுக்குத் தெரியாது. "எரியலையே, கரண்ட் இல்லை" என்று கை வைப்பார். கரண்ட் இருக்கும்.

இதற்கு நேர் எதிராகவும் ஏமாற்றும். எங்கேயும் சேராமல் விட்ட ஒரு நீள ஒயர், பக்கத்தில் ஓடுகிற ஒயரால் தூண்டப்பட்டு டெஸ்டரை எரியவைக்கும். நியூட்ரல் எங்கோ அறுந்து, வீட்டில் ஏதாவது ஒரு லைட் ஆன் ஆகியிருந்தால், சாக்கெட்டின் இரண்டு ஓட்டையிலும் எரியும். புதிதாக வேலைக்கு வந்த பையன் "டபுள் ஃபேஸ் வருது" என்று அரை நாள் சுற்றிக்கொண்டிருப்பான். தண்ணீர் சொட்டுகிற ரிஞ்சோடு ஒரே பையில் கிடந்து ஈரம் ஏறிய டெஸ்டரோ இன்னும் மோசம். அதில் ரெசிஸ்டரைச் சுற்றிக்கொண்டு கரண்ட் வர வழி இருக்கிறது.

ஆக, பையில் முதலில் போகவேண்டியது மல்டிமீட்டர். ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கே மஞ்சள் மீட்டர் கிடைக்கும். வீட்டுக்குள் சுவிட்ச் போர்டு, சாக்கெட், ஒயர் கன்டின்யுட்டி பார்க்க அது ஏதோ ஆகும். ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஆம்பியர் பார்க்கிற 10A ஓட்டையில் லீடைச் சொருகிவிட்டு, மறந்துபோய் அப்படியே மெயினில் வைத்தால் மீட்டரே ஷார்ட் சர்க்யூட். மலிவு மீட்டர் பலவற்றில் அந்த ஓட்டைக்கு ஃபியூஸே கிடையாது. கையிலேயே வெடிக்கும். த்ரீ ஃபேஸ் வருகிற மோட்டார் பேனலுக்கும் மெயின் போர்டுக்கும் இதை எடுத்துக்கொண்டு போகவே கூடாது. அங்கே CAT III 600V என்று நிஜமாகவே பெயர் வாங்கிய மீட்டர் வேண்டும், கிளாம்ப் மீட்டராக இருந்தால் மோட்டார் எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்பதையும் ஒயரை அறுக்காமல் பார்த்துவிடலாம். இந்த ஒரு சாமானில் காசு குறைக்காதீர்கள். அளக்கும் முறையும் ஒரு வரிதான்: முதலில் கரண்ட் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் வைத்துப் பார், பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் பார், திரும்பவும் முதல் இடத்தில் பார். மீட்டரே செத்துப்போய் "ஜீரோ" காட்டியதா என்பது அப்போதுதான் தெரியும்.

பிளேயருக்கு வாருங்கள். கைப்பிடியில் சிவப்பு உறை இருந்தால் ஷாக் அடிக்காது என்பது அடுத்த மூடநம்பிக்கை. நிறைய பிளேயர்களில் அந்த உறை பிடிமானத்துக்கு மட்டும்தான். உண்மையான இன்சுலேட்டட் டூலில் 1000V என்ற எழுத்தும் இரட்டை முக்கோணக் குறியும் பதித்திருக்கும். IEC 60900 என்ற தரத்தின்படி பரிசோதித்தது என்று அர்த்தம். விலை பல மடங்கு. அது வாங்க முடியாவிட்டால் நாசிக் டபாரியா மாதிரி நல்ல கம்பெனியின் சாதாரண எட்டு இன்ச் பிளேயர் போதும், ஆனால் அது கரண்ட் இல்லாத ஒயருக்கான பிளேயர் என்று மனதில் எழுதிக்கொள்ளவேண்டும். உறை கிழிந்தால் டேப் சுற்றுவது கிடையாது. தூக்கிப் போடுவதுதான்.

"கரண்ட் இல்லாத ஒயர்" என்று சொல்வது சுலபம். அங்கேதான் அடுத்த சாமான் வருகிறது. இந்தச் சாமான் சென்னை அபார்ட்மென்ட்டுகளில் கண்ணில் படுவதே அபூர்வம்.

பழைய ஆட்கள் ஒரு காரியம் செய்வார்கள். மேலே வேலை செய்யப் போகும்போது கீழே ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறுவார்கள். கட்டை என் பையில் இருக்கிறவரை எவனும் கரண்ட் கொடுக்க முடியாது! படிப்பு கம்மி, பாடம் கெட்டி. பிறகு எம்சிபி வந்தது. சௌகரியம்தான், ஆனால் எம்சிபியைச் சட்டைப் பையில் போட முடியாது. ஆஃப் செய்துவிட்டு மூன்றாவது மாடியில் ஹோல்டரைக் கழற்றிக்கொண்டிருப்பார். கீழே வேறு வீட்டுக்காரர் வந்து "என்ன கரண்ட் போச்சு, ட்ரிப் ஆயிருக்கு போல" என்று தட்டிவிட்டுப் போவார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சீரியல் நேரம், அவ்வளவுதான். போதாக்குறைக்கு ஒவ்வொரு வீட்டிலும் இன்வெர்ட்டர், பொதுவுக்கு ஜெனரேட்டர். ஈபி போனாலும் எந்த ஒயரில் எந்த வழியாக வருகிறது என்பது ஒயரிங் செய்தவருக்கே மறந்திருக்கும்.

எம்சிபி மேல் மாட்டிப் பூட்டுவதற்கென்றே சின்ன லாக்கவுட் கிளிப் இருக்கிறது. கூட ஒரு சாதாரணப் பூட்டு, சாவி அவர் இடுப்பில். "ஆள் வேலை செய்கிறார், போடாதீர்கள்" என்று ஒரு அட்டை. மொத்தமே சில நூறு ரூபாய் சமாச்சாரம். லாபியில் வைத்திருக்கிற பிளாஸ்டிக் மணிபிளான்ட்டும் அதன் தொட்டியும் இதைவிட அதிகம்.

உயிர் விஷயம் இது. உயிரைப் பற்றிப் பேசினால் ஜெனரல் பாடி மீட்டிங்கில் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். கார் பார்க்கிங் பற்றிப் பேசவே நேரம் சரியாகிவிடும். எனவே காசு பற்றிப் பேசலாம்.

பைப் ரிஞ்ச். ஒன்று இல்லை, இரண்டு வேண்டும். ஏன் இரண்டு என்று ட்ரெஷரர் கேட்பார். பாத்ரூமில் குழாயோ ஆங்கிள் காக்கோ இறுகிக் கிடக்கிறது. ஒரே ரிஞ்சைப் போட்டு முழு பலத்தோடு திருகினால் அந்தத் திருகு குழாயோடு நிற்காது. டைல்ஸுக்குப் பின்னால் சுவருக்குள் புதைந்திருக்கிற எல்போவையும் சிபிவிசி ஜாயின்ட்டையும் சேர்த்து முறுக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பத்து நாள் கழித்துக் கீழ் வீட்டு சீலிங்கில் ஒரு ஈர வட்டம் வரும். பிறகு அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் ஜென்மப் பகை. டைல்ஸ் உடைப்பு, பிளம்பர் கூலி, அதே டிசைன் டைல்ஸ் கிடைக்காமல் கடை கடையாக அலைச்சல், பெயின்ட். எல்லாம் சேர்த்தால் எவ்வளவு என்பதை அனுபவப்பட்டவர்கள் சொல்வார்கள். வெளியே தெரிகிற ஃபிட்டிங்கை ஒரு ரிஞ்சால் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் திருகினால் இந்தக் கதையே இல்லை. பதினாலு இன்ச் ஒன்று, பத்து இன்ச் ஒன்று. இரண்டாவது ரிஞ்சின் விலை, உடைக்கிற டைல்ஸின் கூலிக்குக்கூட வராது. குரோம் குழாயில் பல் படாமல் இருக்க ஒரு ஸ்க்ரூ ஸ்பேனரும் வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்கார அம்மா "புதுக் குழாயைக் கடிச்சு வச்சிருக்கியே தம்பி" என்பார். அவர் சொல்வதும் சரிதான்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். தனித்தனியாக வாங்கிய நல்ல ஸ்க்ரூ டிரைவர் மூன்று மைனஸ், இரண்டு ப்ளஸ். ஒயர் ஸ்ட்ரிப்பர் (பல்லால் கடிக்கிற பழக்கம் ஒழியட்டும்). ஆக்ஸா ஃப்ரேம், சுத்தியல், ஒரு வெட்டுளி, அளவு டேப், ஆலன் கீ செட், தலையில் மாட்டுகிற டார்ச். சிங்க்குக்கு அடியில் வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு வேலை செய்கிறவரைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் என்று விளக்கவேண்டாம். கூட டெஃப்லான் டேப், வாஷர் வகைகள், இரண்டு ஆங்கிள் காக், சீலிங் ஃபேனுக்கு 2.5 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர் நாலைந்து. "ஃபேன் மெதுவா ஓடுது" என்கிற புகாரில் பெரும்பாலானவை அந்தக் கப்பாசிட்டரோடு முடிந்துவிடும், ஃபேனைக் கழற்றி வைண்டிங் கடைக்குத் தூக்கவேண்டியதில்லை.

எதில் காசைக் குறைக்கலாம்? சுத்தியல், உளி, பைப் ரிஞ்ச், ஸ்பேனர் எல்லாம் பழையது வாங்கலாம். பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் தேடினால் அகப்படும், ரிஞ்சின் பல் தேயாமல் இருக்கிறதா, தாடை ஆடாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவேண்டும். இரும்புக்கு வயசு கிடையாது. டெஸ்டர், மீட்டர், பிளேயர் மூன்றும் பழையது வாங்கக்கூடாது, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும். பைக்கும் காசு வேண்டாம். பில்டிங்குக்குப் பெயின்ட் அடித்து முடித்த பிறகு மொட்டை மாடியில் கிடக்கிற இருபது லிட்டர் வாளி இருக்கிறதே, அது பிரமாதமான டூல் பை. நிற்கும், கிழியாது, கழுவலாம், கவிழ்த்துப்போட்டால் உட்காரலாம். பிளம்பிங் சாமான் எல்லாம் அதில். எலக்ட்ரிக்கல் சாமானுக்கு மட்டும் தனியாக ஒரு கேன்வாஸ் பை. இரண்டையும் கலக்கக்கூடாது, காரணம் மேலேயே வந்துவிட்டது.

இவ்வளவையும் நல்ல கம்பெனிச் சாமானாகவே வாங்கினால் ஏறக்குறைய ஆறாயிரம், ஏழாயிரம் ஆகலாம். கடைக்குக் கடை மாறும். ஏழாயிரம் என்றே வையுங்கள். முப்பது வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 234 ரூபாய். ஒரே ஒரு முறை. இரும்புச் சாமானெல்லாம் பத்து வருடம் வரும். ஆயிரம் சதுர அடி வீடு, சதுர அடிக்கு மூன்று ரூபாய் மெயின்டனன்ஸ் என்று வைத்தால் மாசம் 90,000 வசூலாகிற இடத்தில் இதற்குப் பணம் இல்லையாம். அதே ஏழாயிரத்தை ஒரே ஆளின் சம்பளத்திலிருந்து எடுத்தால்? அவர் வீட்டில் அந்த மாசம் அரிசி யார் வாங்குவது?

அசோசியேஷன் தரப்பில் ஒரு வாதம் எப்போதும் ரெடியாக இருக்கும்: "வாங்கிக் கொடுத்தா எடுத்துட்டுப் போயிடுவாங்க சார்." அப்படியா? ஜெனரேட்டர் டீசலையும் மொட்டை மாடிச் சாவியையும் ஐம்பது லட்ச ரூபாய் வீடுகளின் மாற்றுச் சாவியையும் அவரை நம்பி விட்டுவிட்டு, நானூறு ரூபாய் பிளேயருக்கு மட்டும் சந்தேகமா? ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். என்னென்ன சாமான், எந்தத் தேதியில் கொடுத்தது, இரண்டு பேர் கையெழுத்து. ஆறு மாசத்துக்கு ஒருமுறை எண்ணிப் பார்ப்பது. தேய்ந்த பிளேடும் மழுங்கிய உளியும் தொலைந்த கணக்கில் வராது என்று முதல் பக்கத்திலேயே எழுதிவைப்பது. சாயங்காலம் பக்கத்துத் தெருவில் அதே ரிஞ்சை வைத்து நூறு ரூபாய் சம்பாதித்தால்? சம்பாதிக்கட்டுமே. ரிஞ்ச் தேய்ந்தா போய்விடும்?

இன்னொரு வாதம், "ஏஜென்சி மூலமா ஆள் எடுக்கிறோம், டூல்ஸ் அவங்க பொறுப்பு." காண்ட்ராக்ட் பேப்பரை எடுத்துப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஆள் மட்டும்தான் எழுதியிருக்கும். ஏஜென்சி அசோசியேஷனைக் காட்டும், அசோசியேஷன் ஏஜென்சியைக் காட்டும், நடுவில் லேப்டாப் பை. அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்கிறதாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: அங்கேயும் நிறைய இடத்தில் சொந்த டூல்ஸோடுதான் வரச்சொல்கிறார்கள். ஆனால் கலிஃபோர்னியா மாநில விதிப்படி வேலைக்கு வேண்டிய டூல்ஸை முதலாளிதான் வாங்கித் தந்து பராமரிக்கவும் வேண்டும். தொழிலாளியையே கொண்டுவரச் சொல்வதானால் குறைந்தபட்சக் கூலியைப் போல இரண்டு மடங்காவது சம்பளம் கொடுத்திருக்கவேண்டும், அதுவும் அந்தத் தொழிலில் வழக்கமான கைக்கருவிகளுக்கு மட்டும். இங்கே அந்த மாதிரி இரட்டிப்புச் சம்பளம் வாங்குகிற மெயின்டனன்ஸ் அண்ணன் யாராவது இருந்தால் கை தூக்கட்டும்.

பையில் என்ன இருக்கவேண்டும் என்பதோடு, எந்த வேலைக்கு எந்தப் பையும் போதாது என்பதையும் அதே நோட்டில் எழுதவேண்டும். செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டால் "நம்ம ஆள்தானே, கொஞ்சம் இறங்கிப் பாருப்பா" என்று ஐந்நூறு ரூபாயை நீட்டுகிற அசோசியேஷன்கள் உண்டு. கயிறும் வாளியும் டூல்ஸ் ஆகாது. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஒருவரைச் செப்டிக் டேங்கிலோ சாக்கடைக் குழியிலோ இறக்குவது 2013ஆம் வருடச் சட்டப்படி குற்றம், முதல் முறைக்கே இரண்டு வருடம் வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ. சாக்கடையில் இறந்தால் இழப்பீடு 30 லட்சம் என்று சுப்ரீம் கோர்ட் 2023 அக்டோபரில் உயர்த்தியும் விட்டது. அதற்கு லாரியும் மெஷினும்தான் வரவேண்டும். குடிதண்ணீர் சம்ப்பும் ரொம்ப நாள் மூடிக்கிடந்தால் இதே கதைதான், உள்ளே மூச்சுவிடக் காற்று இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மோட்டாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டால், ஃபுட் வால்வ் பிரச்சினை. பக்கத்து பில்டிங்கிலிருந்து ரிஞ்ச் கடன் வாங்கி வந்து பத்தரை மணிக்குச் சரிசெய்தார். மூன்றரை மணி நேரம் முப்பது வீட்டில் தண்ணீர் இல்லை. அந்த ரிஞ்சைத் திருப்பிக் கொடுக்கும்போது பக்கத்து பில்டிங் அண்ணன் சொன்னாராம், "பாத்து வச்சுக்கடா, இது என் காசு."